பலாமரத்தடியில் எட்டு மேசை

என் செல்லக் கௌசிக்கு,

திறந்தாச்சு புள்ள! போன ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் வளப்பூர் நாட்டில், எங்கள் வீட்டுப் பலாமரங்களுக்கு அடியில், எட்டு மேசை போட்டு, கூரையே இல்லாத ஒரு சாப்பாட்டுக் கடையைத் திறந்தாச்சு. ஐந்து நாளாகிறது. எனக்கு இன்னும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதை யாரிடம் முதலில் சொல்ல வேண்டுமோ அவள் இல்லை. அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா? நீ போய் இரண்டு வருடமாகிறது, ஆனாலும் எனக்கு ஏதாவது நல்லது நடந்தால் விரல் முதலில் போனில் உன் பெயரைத்தான் தேடுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன் என்று உனக்குக் கோபம் வரும். "மொதல்ல இருந்து சொல்லு புள்ள, நடுவுல இருந்து ஆரம்பிக்காத" என்பாய். சரி, முதலிலிருந்தே சொல்கிறேன். உன்னைத் தெரியாத நாலு பேரும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கும் விளங்க வேண்டாமா?

சென்னையில் நாம் வேலை பார்த்த ஸ்கேன் சென்டர் ஒரு கட்டடத்தின் தரைக்கும் கீழே இருந்தது. நான் டோக்கன் கொடுப்பேன், நீ ரிப்போர்ட் அடிப்பாய். காலையில் போனால் சாயங்காலம் வரை டியூப்லைட்தான் சூரியன். வெளியே மழை பெய்ததா வெயிலடித்ததா என்பதை வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அங்கிருந்து ஹாஸ்டலுக்கு வந்தால் அந்த அறைக்கு ஜன்னலே இல்லை. ஜன்னல் இருந்த இடத்தில் அலமாரி வைத்திருந்தார்கள்.

நீ புளியஞ்சோலைப் பக்கத்து வயல்காட்டுப் பெண். நான் அதற்கு நேர் மேலே மலையில் பிறந்தவள். உன் வீட்டு வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் என் ஊர் மலை தெரியும். அப்படிப்பட்ட இரண்டு பேரைப் பெட்டிக்குள் போட்டு மூடினால் மூச்சு முட்டாதா? முதல் மாதச் சம்பளம் வந்த அன்று நீதான் சட்டம் போட்டாய். "மாசத்துல மொத ஞாயித்துக்கெழம நாம வெளியில ஒக்காந்துதான் திங்கோணும். தலைக்கு மேல கூரை இருந்தா அது கணக்குல சேராது."

அப்படித்தான் தொடங்கியது நம் ஊர்சுற்றல். எத்தனை இடம் கௌசி! பெசன்ட் நகர் கடற்கரையில் அந்த மீன் பொரிக்கும் அக்கா கடை. மணலில் பிளாஸ்டிக் நாற்காலி, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தால் நாற்காலி நம்மோடு சேர்ந்து புதையும். ஒருநாள் நீ தட்டோடு சாய்ந்து விழுந்தாய். உடம்பு முழுக்க மணல், ஆனால் வஞ்சிரம் வைத்த தட்டை மட்டும் ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்திருந்தாய். அந்த அக்கா அடுப்பை விட்டு எழுந்து வந்து, உன்னைத் தூக்காமல் முதலில் தட்டை வாங்கினார். அன்று நாம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த சுண்டல்காரர் பயந்துபோனார்.

தி. நகரில் ஆறாவது மாடியின் மேலே ஒரு ஹோட்டல். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அங்கே அப்பளம் பறந்தது. அண்ணா நகரில் நடைபாதை ஓரத்து மேசைகளுக்கு நடுவே தண்ணீரைப் புகையாகத் தெளிக்கும் ஒரு பெரிய காற்றாடி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதைப் பார்த்ததும் நீ, "ஏனுங்க, நெல்லுக்கு மருந்தடிக்கற மாதிரி எங்க மேல அடிக்கறீங்களே, பூச்சி கீச்சி இருக்குதுங்களா?" என்று அந்த சர்வரிடம் கேட்டாய். பாவம், அவர் அசாமோ மணிப்பூரோ, ஒன்றும் புரியாமல் இன்னொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

முட்டுக்காட்டில் நீர்க்கரையோரம் கீற்றுக் குடில்கள் போட்ட ஓர் இடம். அங்கே உட்கார்ந்ததும் நீ மேலே பார்த்தாய். "கீத்தும் கூரைதான்" என்று சொல்லி, மேசையைத் தூக்கி வெளியே போடச் சொன்னாய். வெயில் மண்டையைப் பிளந்தது. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு இறால் தின்றோம். எந்த இடத்துக்குப் போனாலும் நீ முதலில் மெனு கார்டைப் பார்க்க மாட்டாய், அண்ணாந்துதான் பார்ப்பாய்.

ஆனால் எனக்கு மறக்கவே முடியாதது நுங்கம்பாக்கத்துப் பழைய பங்களா தோட்டம்தான். பெரிய தூங்குமூஞ்சி மரம், அடியில் பத்துப் பன்னிரண்டு இரும்பு மேசைகள். உள்ளே ஏசி போட்ட கூடம் காலியாகக் கிடக்க, வெளியே இடம் கிடைக்க ஒரு மணி நேரம் காத்திருந்தோம். "உள்ள எடம் இருக்கு மேடம்" என்று மூன்று முறை வந்து கூப்பிட்டார்கள். நீ மூன்று முறையும் தலையை ஆட்டினாய். கடைசியில் உட்கார்ந்து சூப் வந்ததும் மரத்திலிருந்து ஒரு பூ அதில் விழுந்தது. சர்வர் பதறிப்போய் மாற்றித் தருகிறேன் என்றார். நீ விடவில்லை. "இருக்கட்டுங்க. இதுக்குத்தானே வந்தோம்" என்றாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏம்புள்ள, இந்த ஒத்த மரத்துக்கு அடியில ஒக்கார இத்தனை பேரு வரிசையில நிக்கறாங்களே, உங்க மலை முழுக்க மரம்தானே? நாலு மேசை வாங்கிப் போடேன்" என்று சொன்னாய். நீ விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாய். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

அதற்கு அடுத்த பொங்கல் லீவில்தானே நீ எங்கள் ஊருக்கு வந்தாய்? அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி எழுபது கொண்டை ஊசி வளைவு. "வாந்தியெல்லாம் எனக்கு வராது" என்று வீறாப்பாகப் பேசியவள் பன்னிரண்டாவது வளைவிலேயே ஜன்னலோரம் கேட்டு வாங்கிக்கொண்டாய். வீட்டுக்கு வந்து பலாமரத்தையும் அதில் ஏறிப் படர்ந்திருந்த மிளகுக் கொடியையும் பார்த்ததும் உனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டுக் கொடுத்த தட்டை எடுத்துக்கொண்டு நேரே மரத்தடிக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய்.

அப்பா காட்டிலிருந்து அப்போதுதான் வந்தார். உன்னைப் பார்த்தார். குனிந்து உன் தட்டை எடுத்தார். "வா சாமி, உள்ள வா. ஊட்டுக்கு வந்த புள்ளைய வெளியில ஒக்கார வெச்சு சோறு போட்டாங்கன்னா நல்லா இருக்குமா?" என்றார். "எனக்கு இங்கதாங்க புடிச்சிருக்குது" என்று நீ எவ்வளவோ சொல்லிப் பார்த்தாய். தட்டு உள்ளே போய்விட்டது. தட்டுக்குப் பின்னாலேயே நீயும் போனாய். அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே நீ சாப்பிட்டதைப் பார்த்து நான் சிரித்தேன். அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

அப்புறம் அந்தக் காய்ச்சல். பத்து நாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை கௌசி, எழுதாமல் தாண்டிப் போகிறேன். ஜன்னல் இல்லாத அந்த அறையில் உன் கட்டில் காலியாகக் கிடக்க, மூன்று மாதம் தாக்குப் பிடித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு மலைக்கே வந்துவிட்டேன்.

ஒரு வருடம் சும்மா இருந்தேன். மிளகு பறித்தேன், மரவள்ளி பிடுங்கினேன், அம்மாவிடம் திட்டு வாங்கினேன். அருவிக்குப் போகிற கூட்டம் எங்கள் வீட்டு வழியாகத்தான் போகும், உனக்குத் தெரியும். ஆயிரம் படி இறங்கி ஏறி வருகிறவர்கள் பசியில் துவண்டு எங்கள் மரத்தடியில் வந்து உட்காருவார்கள். ஒருநாள் ஒரு அம்மாள் மரத்தில் சாய்ந்துகொண்டு, "இங்க மட்டும் சோறு கெடைச்சா எப்புடி இருக்கும்!" என்று பெருமூச்சு விட்டார். எனக்கு உன் குரலிலேயே கேட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன்.

எப்படி நடத்துவது என்பதும் தானாக வந்தது. இந்த ஊர் வழக்கம்தான் அது. படி இறங்கிப் போகும்போதே எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அப்புறம்தான் அம்மா உலை வைப்பார். அவர்கள் குளித்து, ஏறி, மூச்சு வாங்கி வந்து சேரும்போது சோறு ஆவி பறக்க இருக்கும். மீந்துபோவது என்ற பேச்சே இல்லை.

ஆனாலும் திறப்பதற்கு முன் ஒரு தடவை நம் இடங்களையெல்லாம் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் போலிருந்தது. போன மாதம் மூன்று நாள் சென்னைக்குப் போனேன். எல்லாவற்றையும் தனியாகத்தான் சுற்றினேன். தி. நகர் மொட்டை மாடியில் இப்போது அப்பளத்துக்கு மேல் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கிறார்கள். ஏழெட்டு வருடம் கழித்துப் புத்தி வந்திருக்கிறது! அண்ணா நகர்க் காற்றாடி இன்னும் மருந்தடிக்கிறது. நுங்கம்பாக்கத்துத் தோட்டத்தைப் பார்த்தால் உனக்கு அழுகை வரும். மரத்தைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர் எழுப்பி, மேலேயும் கண்ணாடி போட்டு, உள்ளே ஏசி வைத்துவிட்டார்கள். "மழை வந்தாலும் கவலையில்லை மேடம்" என்று பெருமையாகச் சொன்னார்கள். நான் ஒரு காபி மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதுவும் முழுதாகக் குடிக்கவில்லை.

மீன் கடை அக்கா அப்படியேதான் இருக்கிறார். முடி கொஞ்சம் நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகி, "எங்க உன் கூட வருமே, அந்த விழுந்து எந்திரிக்கிற பொண்ணு? வரலையா?" என்று கேட்டார். "ஊருக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னது தப்புதான். ஆனால் அந்த ஒரு இடத்திலாவது நீ ஊருக்குப் போனவளாகவே இருந்துவிட்டுப் போ. உனக்குக் கொடுக்கச் சொல்லி நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார்.

இனிமேல்தான் முக்கியமான கதை. மேசை வந்தாயிற்று, பெஞ்சு வந்தாயிற்று. அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. இடத்தைக் கொடுத்தார், பள்ளத்தை மண் போட்டு நிரவினார், மேசைக் கால் ஆடாமல் கல் வைத்தார். எல்லாம் செய்தார், முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. வயதானவர், புதுசு என்றால் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, நாமக்கல்லில் இருந்து வந்த ஒரு குடும்பம் மேசைகளைப் பார்த்துவிட்டு, "கடைங்களா? பத்துப் பேரு இருக்கறோம்" என்று கேட்டார்கள். நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒத்திகை மாதிரி இருக்கட்டுமே என்று சரி சொன்னேன். சாமைச் சோறு, கோழிக் குழம்பு, பலாக்கொட்டைப் பொரியல், மிளகு ரசம். அவர்கள் அருவிக்குப் போய் வந்தார்கள். மேசையில் இலை போட்டேன், தண்ணீர் வைத்தேன். ரசத்தை எடுத்துவரச் சமையல் கொட்டகைக்குப் போய்த் திரும்புகிறேன், மரத்தடியில் ஒருவரும் இல்லை! ஆளும் இல்லை, இலையும் இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தேன். மிளகு மூட்டை அடுக்கிய அந்தச் சின்ன அறையில், பத்துப் பேரும் முட்டியோடு முட்டி இடிக்க வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா ஒவ்வொருவர் முன்னும் இலையை விரித்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டு அம்மாள் மெதுவாக, "ஏனுங்க, நாங்க மரத்தடியில ஒக்காந்து திங்கலாம்னுதான் இங்க நின்னோம்..." என்று இழுத்தார். அப்பா கையெடுத்துக் கும்பிடாத குறை. "அதெல்லாம் வேண்டாமுங்க. ஊடு இருக்கும்போது உங்களைப் போயி வெளியில ஒக்கார வெப்பமா?" ஒரு சின்னப் பெண் வியர்வை வழிய மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாள். நீ இருந்திருந்தால் சிரித்தே புரையேறியிருக்கும். எனக்கோ அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

அவர்கள் போனதும் அப்பாவிடம் கத்திவிட்டேன். "சென்னையில வெளியில ஒக்கார ஒரு மணி நேரம் காத்துக் கெடக்கறாங்கப்பா! இங்க ஒக்காந்தவங்களை நீங்க எழுப்பி உள்ள தள்ளிட்டுப் போறீங்களே. கடையே வேண்டாங்கறீங்களா?" அப்பா மிளகுக் கொடிக்குக் கட்டுப் போடப் போய்விட்டார். நானும் விடாமல் பின்னாலேயே போனேன். கொடியைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"கலியாணத்துக்கு முந்தி கீழ்நாட்டுக்குக் கடலக்கா பறிக்கப் போவோம் கண்ணு. புளியஞ்சோலை வழியாத்தான் எறங்குவோம். பெரிய பண்ணைக்காரங்க ஊடு. மத்தியானம் கட்டுத்தறிக்குப் பொறத்தால வேப்பமரத்தடியில எங்களை ஒக்கார வெப்பாங்க. நல்ல நெழலு. சோத்துக்கும் கொறை இல்ல, நெல்லுச்சோறுதான் போடுவாங்க. அந்தம்மா நின்னமேனிக்கே மேல இருந்து ஊத்திட்டு உள்ள போயிரும். அவங்க எல்லாரும் உள்ள ஒக்காந்து திம்பாங்க. எங்களோட ஒக்காந்து தின்னது அவங்க ஊட்டு நாயி மட்டும்தான்."

வாழைநாரை இழுத்து முடிச்சுப் போட்டார். "அன்னைக்கே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். எனக்குன்னு ஒரு ஊடு வந்து, அதுக்கு ஒருத்தர் வந்தா, அவங்க எந்த ஊரா இருந்தாலும் உள்ளதான் ஒக்கார வெப்பேன்னு. உன்ற கூட்டாளிப் புள்ள எந்தப் பக்கத்துப் புள்ளைன்னு எனக்குத் தெரியும் கண்ணு. தெரிஞ்சுதான் தட்டை எடுத்தேன்."

கௌசி, நாம் ஒவ்வொரு மாதமும் தேடித் தேடிப் போய் வாங்கின சந்தோஷம் அது. அதே மரநிழல்தான் அவருக்கு நாற்பது வருட முள். "கடையை விட்டுரலாம்ப்பா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்ல கண்ணு, ஆசைப்பட்டுட்ட, போடு. வாரவங்களை இனி நான் கூப்புட மாட்டேன். ஆனா என்னைய அங்க ஒக்காந்து திங்கச் சொல்லாத."

பெற்ற அப்பா கை நனைக்காத இடத்தில் ஊரெல்லாம் வந்து கை நனைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது? அந்த வாரம் முழுக்க எனக்கு இதே நினைப்புத்தான். வாழை இலை அறுத்தாலும் அதே நினைப்பு, மசால் அரைத்தாலும் அதே நினைப்பு. அம்மா மட்டும், "நீ போயி வேலையைப் பாரு. அவரு மனசு எப்ப எறங்கும்னு எனக்கே தெரியாது, உனக்கெங்க தெரியப் போவுது" என்றார்.

உன் அப்பா அம்மாவைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தேன். வருவார்கள் என்று நான் நம்பவில்லை. நீ போனதிலிருந்து உன் அப்பா கல்யாணம், கிடாவெட்டு என்று எந்த விருந்துக்கும் போவதில்லை என்று உன் அம்மா சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள்! மூன்று பஸ் மாறி, சுற்றிக்கொண்டு காரவள்ளி வந்து, எழுபது வளைவும் ஏறி வந்திருக்கிறார்கள். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. உன் அப்பா கையில் ஒரு மஞ்சப் பை. அதில் உங்கள் காட்டில் விளைந்த கடலைக்காய்.

மேசைகளில் ஏற்கனவே சேலத்துக் கூட்டம் ஒன்றும், காலேஜ் பிள்ளைகள் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், யாரையும் கூப்பிடவில்லை, சொன்ன சொல் காப்பாற்றினார். உன் அப்பாவைப் பார்த்ததும்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க, ஊட்டுக்குள்ள வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனார். மறுபடியுமா!

உன் அப்பா வாசற்படி வரைக்கும் போனவர் நின்றுவிட்டார். திரும்பி மரத்தைப் பார்த்தார். "தப்பா நெனைச்சுக்காதீங்க. என்ற புள்ள இந்த மரத்தைப் பத்தி அத்தனை சொல்லியிருக்குது. அங்கயே ஒக்காந்துக்கட்டுங்களா?" என்றார்.

அதற்கு யார்தான் இல்லை என்று சொல்ல முடியும்? அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, பெரிய மரத்தடி மேசையில் உட்கார வைத்தார். நான் இலை போட்டு எல்லாம் பரிமாறினேன். உன் அம்மா சோற்றைப் பிசைந்துவிட்டார். உன் அப்பா மட்டும் இலையைத் தொடவில்லை. குழம்பு ஆறுகிறது. நிமிர்ந்து என் அப்பாவைப் பார்த்தார். "நீங்களும் ஒக்காருங்க."

"நான் அப்புறமா திங்கறனுங்க. நீங்க விருந்தாளி, நீங்க தின்னுங்க."

"அதெப்புடிங்க? உங்களை நிக்க வெச்சுட்டு எனக்குச் சோறு எறங்குமா? நீங்க ஒக்காந்தா கை வெக்கறேன். இல்லீனா இப்புடியேதான் இருப்பனுங்க."

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அப்பா முதலில் வீட்டைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் சத்தியமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை கௌசி. உன் அப்பா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்திலேயே இடம் விட்டு, அந்த இடத்தைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார்.

அப்பா உட்கார்ந்தார்.

எதிர்ப்பக்கம் இல்லை, அதே பெஞ்சில், தோளோடு தோள் உரச. நான் ஓடிப் போய் இன்னொரு இலை கொண்டுவந்தேன். அவசரத்தில் பாதிச் சோற்றை மேசையில் கொட்டினேன். அப்பா முதல் வாய் எடுத்து வைத்த பிறகுதான் உன் அப்பா தன் இலையில் கை வைத்தார். சமையல் கொட்டகை வாசலில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் உன் அப்பாவிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. என் அப்பா எந்த ஊரில், யார் காட்டில் கடலைக்காய் பறித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கு ஏதாவது தெரிந்திருக்குமா? இல்லை, அது அவருடைய சுபாவம் மட்டும்தானா? நான் கேட்கவில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன். இரண்டு பேரும் அந்த மேசையில் மழையைப் பற்றிப் பேசினார்கள், பன்றி வந்து மரவள்ளியைத் தோண்டுவதைப் பற்றிப் பேசினார்கள், கடைசியில் உன்னைப் பற்றிப் பேசினார்கள். நீ பன்னிரண்டாவது வளைவில் ஜன்னலோரம் கேட்டதை அப்பா சொன்னதும் உன் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு வருடத்தில் அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன் என்று உன் அம்மா என் காதில் சொன்னார்.

இலையை மடிக்கும் நேரம் வந்தபோது அப்பா நிமிர்ந்து, "கண்ணு, எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார்.

எங்கள் ரெண்டு பேருக்கும்! அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன் கௌசி. சேலத்துக்காரர்கள் குழம்பில் காரம் அதிகமோ என்று பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே அப்பா எனக்கு ஒரு கட்டளை போட்டார். "வெளியில போடறது தப்பில்ல கண்ணு. போட்டுட்டு நாம உள்ள போயித் திங்கறதுதான் தப்பு." திங்கட்கிழமையிலிருந்து வீட்டுக்குள் இலையே விழவில்லை. நான், அப்பா, அம்மா, மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு, வருகிறவர்களோடு அதே மேசையில்தான் சாப்பிடுகிறோம். முதலில் எல்லாரும் முழிக்கிறார்கள், கடை முதலாளி ஏன் நம் பக்கத்தில் வந்து உட்காருகிறார் என்று. இரண்டு வாய் உள்ளே போனதும் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். நேற்று அப்பா ஒரே மத்தியானத்தில் மூன்று தடவை சாப்பிட்டார். வயிறு கெட்டுவிடும் என்று அம்மா சத்தம் போடுகிறார்.

ஆகவே உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மழையோ வெயிலோ, இந்த மரத்தடிக்கு வருகிறவர் நாட்டு ராசாவோ, கூலிக்கு வந்த ஆளோ, தனியாக வந்த ஒரு பெண்ணோ, யாராக இருந்தாலும் சரி, இங்கே ஒருவரும் தனியாகச் சாப்பிட்டுப் போக மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கை நனைக்காமல் எங்கள் அடுப்பு அணையாது.

இப்படிக்கு,
போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே மேசையில் இலை போட்ட,
உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
பூங்கொடி